இடுப்பில் மணி

சிலமலைக்கு அருகே சோலார் தகடுகளுக்கு அடியில் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்தார் அவர். புல் வளர்ந்து தகடுகளை மறைக்காமலிருக்க ஆடுகளே போதுமா, மருந்து அடிக்க வேண்டுமா என்று பார்த்து எழுத நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. நெட்டையான மனிதர், வரிசைகளுக்குள் குனிந்தே நடந்தார். வெண்கல மணி ஆட்டின் கழுத்தில் இல்லை, அவர் இடுப்பில் இருந்தது.

"மணிய நீங்க கட்டியிருக்கீங்களே?" என்றேன்.

"வெளிக்காட்டுல மணிச் சத்தத்த வச்சு நான் ஆட்டத் தேடுவேன் சார். இங்க தகட்டுக்குள்ள ஆளு தெரியாதுல்ல, ஆடு என்னையத் தேடுது."

பிற்பகலில் போடிமெட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கியது. எந்த வரிசையில் நிற்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கும் ஒரே நீலம், ஒரே ஈரம். எங்கோ மணி கேட்டது. ஆடுகள் மேய்வதை விட்டு, என்னை உரசிக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி நகர்ந்தன. நானும் அவற்றோடு நடந்தேன்.

கம்பிவேலி வாசலில் அவர் ஒவ்வொரு முதுகையும் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என் தோளையும் தொட்டார். நிறுத்தவில்லை, சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டுக்குப் போய்விட்டார்.

மருந்து வேண்டாம் என்று அன்றே எழுதிவிட்டேன். அவருடைய கணக்கில் அன்றைக்கு ஓர் ஆடு கூடியதா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.