கோலத்தில் மாறிய கிழக்கு

என் கணவர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். எழுபதுகளின் நடுவில், பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் விட்ட சின்னச் செயற்கைக்கோள் ஒன்று காலையில் காரைக்குடியைத் தாண்டிப் போகும். அதன் சத்தத்தைப் பிடிக்க, செக்காலைப் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூங்கிலில் ஏரியல் கட்டினார். அவர் மாடிப்படி நிழலில் ஹெட்போனோடு உட்கார்ந்து, அது வரும் நேரமும் திசையும் எழுதிய தாளைப் பார்த்துத் திசை எண் சொல்வார். வெயிலில் நின்று மூங்கிலைத் திருப்புவது நான்.

எந்த எண் எந்தப் பக்கம் என்று தெரிய, மூங்கிலைச் சுற்றி மாக்கோலத்தில் வட்டம் போடுவதும் நான்தான். பன்னிரண்டு புள்ளி, புள்ளிக்கு ஓர் எண். எறும்பு தின்றுவிடும், மறுநாள் மறுபடி போடுவேன்.

இப்படி இரண்டு வருஷம். நானும் ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன் என்றால், "ஒனக்கு என்ன வெளங்கப் போகுது? அங்குட்டுத் திருப்பு" என்பார். அவர் எழுதிப் போட்டதற்கு, செயற்கைக்கோளைக் கேட்டது நிஜம்தான் என்று அமெரிக்க ரேடியோக்காரர்களிடமிருந்து அட்டை வந்தது. அட்டையைப் பார்க்க வந்த வாத்தியார்களிடம், "திருப்புறதுக்கு வீட்லயே ஆளு இருக்கு. சோறு போட்டாப் போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்ததும் நான்தான்.

கோடை லீவில் அதே வாத்தியார்களைச் சத்தம் கேட்கக் கூப்பிட்டிருந்தார். அன்று வட்டத்தை இன்னும் அழகாகப் போட்டேன். கிழக்கில் எழுத வேண்டிய எண்ணைத் தெற்கில் எழுதி, மற்றதையும் அதே மாதிரி தள்ளிவிட்டேன். அவர் வானத்தைப் பார்க்கிற ஆளில்லை, தாளைத்தான் பார்ப்பார்.

எண் சொன்னார், திருப்பினேன். வெறும் இரைச்சல். ஹெட்போன் ஒவ்வொருவர் காதுக்கும் போய் வந்தது.

"என்ன சார், அதுக்கும் லீவு விட்டாச்சா?" என்றார் ஒருவர்.

என் கணவர் எழுந்து ஓடிவந்தார். மூங்கில் அவர் சொன்ன எண்ணில்தான் நின்றது.

"நீங்க சொன்னீக, நான் திருப்பினேன்," என்றேன். அவர் முகம் செத்துப்போனதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவர்கள் இறங்கிப் போனதும் வட்டத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்.

மறுநாள் ஒழுங்கான வட்டம் போட்டேன். ஏரியலைக் கட்டியதில்தான் கோளாறு என்று நினைத்து, தானே திருப்பிப் பார்க்க ஹெட்போனை என் தலையில் மாட்டினார். கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி மெல்ல ஆரம்பித்தது. பக்கத்தில் வர வர உரத்தது, தாண்டிப் போகும்போது குரல் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏதாச்சும் கேக்குதா?" என்றார், வேர்த்து வழிய.

"ஒண்ணும் கேக்கலையே. நாளைக்கிப் பாப்போம்."

ஏரியலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டி, நாலு நாள் வெயிலில் நின்று திருப்பினார். நாலு நாளும் நான் ஆசை தீரக் கேட்டேன்.