அத்தான் காது குடைந்த குரோஷா ஊசி

நான் பிழைக்க வந்த இந்தக் குளிர்நாட்டு ஊரில் பெண்கள் உட்கார்ந்த இடத்திலெல்லாம் பின்னுகிறார்கள். பஸ்ஸில், பல் டாக்டர் வீட்டு வாசலில், சர்ச் கூட்டத்தில். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் போன வாரம் ஒரு அம்மாள், வாயில் நான் வைத்த தெர்மாமீட்டரைக் கவ்விக்கொண்டே ஸ்வெட்டருக்குக் கை பின்னிக்கொண்டிருந்தார். நாடி பார்க்க மணிக்கட்டைத் தொட்டால், இந்த வரிசை முடியட்டும் என்று கண்ணாலேயே நிறுத்தினார். நானும் நின்றேன். தாம்பரத்தில் நான் பயிற்சி எடுத்த வார்டாக இருந்தால், எங்கள் தலைமை நர்ஸ் அந்தக் கம்பளியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்திருப்பார்.

ஊருக்குப் போகும்போது அங்கே பின்னல்காரர்களுக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று என்னைப் போலப் பிழைக்க வந்த தோழிகள் சிலர் கேட்கிறார்கள். நான் ஒருமுறை வாங்கிப் போனேன். நினைத்தால் இன்னும் குமட்டுகிறது.

என் ஸ்டெல்லா அக்கா மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறாள். குரோஷா போடுவதில் அவளுக்கு அப்படியொரு கை. மேஜை விரிப்பு, பாவாடை லேஸ், சர்ச்சில் பீடத்துக்கு விரிப்பு என்று வெள்ளை நூலும் கையுமாகவே இருப்பாள். இதை ஒருநாள் நான் இங்கே குடியிருக்கும் வீட்டுக்காரம்மாள் மிஸஸ் பார்லோவிடம் சொன்னேன். குரோஷாவுக்கான இங்கிலீஷ் சொல்லை எழுத்தில் இருக்கிறபடியே "குரோச்செட்" என்றுதான் நாங்கள் படித்திருந்தோம். அவர் காதில் அது நொண்டிகள் ஊன்றும் கட்டை, "கிரட்ச்" என்று விழுந்துவிட்டது.

"ஐயோ பாவம், பிறந்ததிலிருந்தேவா?" என்றார்.

"இல்லை, கல்யாணத்துக்கு அப்புறம்தான் அதிகம்" என்றேன் நான்.

அவர் கண் கலங்கியது ஏனென்று எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிறு இங்கே சர்ச்சில், இந்தியாவில் நடக்க முடியாமல் இருக்கும் ஒரு சகோதரிக்காகப் பாதிரியார் ஜெபித்தபோதுதான் புரிந்தது. விரலால் பின்னிக் காட்டி விளக்கினேன். முகம் சிவந்த மிஸஸ் பார்லோ, பரிகாரம்போல ஒரு பை நிறையக் கம்பளி நூல் கொண்டுவந்தார். செத்துப்போன கணவரின் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்த நூல். துவைக்கக்கூட இல்லை. புகையிலை நாற்றம், அக்குள் வியர்வையின் மஞ்சள், ஊடே பூனை மயிர். "அங்கே உங்களுக்கு எதுவானாலும் உபயோகப்படுமே, டியர்" என்றார். நன்றி சொல்லி வாங்கினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

அக்காவுக்கு நானே வாங்கினேன். மீனம்பாக்கத்து வெயிலில் இறங்கப்போகிறவளிடம் கடைக்காரி கம்பளியையே எடுத்து எடுத்துப் போட்டாள். பருத்தி நூல் வேண்டும், தலைமுடி மாதிரி மெல்லிசாக வேண்டும் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊசிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் உரசி, கொக்கி நூலைக் கிழிக்குமா என்று பார்த்தேன். துணி உறையோடு ஸ்டீல் ஊசிகள் ஒரு செட் எடுத்தேன். அக்கா முகம் எப்படி மலரும் என்று விமானத்தில் வழி நெடுக நினைத்துக்கொண்டே போனேன்.

அக்கா வீட்டில் பெட்டியைத் திறக்கும் முன்பே அக்கம்பக்கத்து வீடுகள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. சோப்பை மோந்து பார்த்தார்கள். என் உள்ளாடையைக்கூட ஒருத்தி விரித்துப் பார்த்தாள். நான் அக்காவின் மடியில் வைத்த உறையை அத்தான் எடுத்துப் பிரித்தார். ஆபீசில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். ஆக மெல்லிய ஊசியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன ரோசி, காதுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அது அவர் காதுக்குள் போய்விட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் குடைந்தார். வெளியே எடுத்து, நுனியில் இருந்ததைப் பார்த்து ரசித்து, லுங்கி ஓரத்தில் துடைத்தார். "ஃபாரின்னா ஃபாரின்தான். என்ன வழவழப்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். தினமும் நோயாளிகளின் பெட்பான் கழுவுகிறவள் நான். நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா ஊசியை வெந்நீரில் கழுவி வைத்தாள். மறுநாள் பேனாவுக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் அதைச் செருகிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனார்.

"நீ ஏன் சும்மா இருக்கே?" என்று அடுப்படியில் கத்தினேன்.

"எந்த ஊசியா இருந்தா என்னடி? எனக்குத்தான் நூல் கண்ணியே தெரியலையே. விரலால தடவித் தடவித்தான் போடறேன். பீட விரிப்பு கேட்டாங்க, கை வலின்னு பொய் சொல்லிட்டேன்."

"கண்ணாடி போடறதுக்கென்ன?"

"கேட்டேன். கிழவியைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்னார். விட்டுட்டேன்."

இதைக் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அந்த வீட்டுக் காப்பியைக் குடிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கீழ்க்கட்டளையில் ஒரு தோழியைப் பார்க்கப் போகிறோம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டு, அவளை மின்சார ரயிலில் ஏற்றிப் பல்லாவரம் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சில நாள் கழித்துக் கண்ணாடி தயாரானது. கடையிலேயே மாட்டிக்கொண்டு அக்கா முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

"உனக்கு நரைக்குதடி" என்றாள். அப்புறம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரைக் கேட்டு இது?"

"உங்களைக் கேட்டேனே, அப்பவே. அந்த ஊசியைக் குடுங்க."

அவர் கொடுத்தார். பேச்சு அப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். அக்கா ஊசியை மூக்கருகே கொண்டுபோய் நுனியைப் பார்த்தாள். கொக்கியின் மடிப்பில் பழுப்பாய் ஏதோ அப்பியிருந்தது. இத்தனை நாள் அவள் கண்ணுக்குத் தெரியாதது.

"சீ!" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊசியை அவர் காலடியில் போட்டாள். "நீங்களே வெச்சுக்கோங்க. உறையில இருக்கற மத்ததெல்லாம் என்னுது. தொடக் கூடாது."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கும் பார்க்காமல் அவரையே பார்த்தேன். குனிந்து ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கண்ணாடி அவள் மூக்கிலேயே இருந்தது.

நான் கிளம்புவதற்குள் அக்கா எனக்கொரு மஃப்ளர் போட்டுக் கொடுத்தாள், நான் கொண்டுபோன அதே வெள்ளை நூலில். அவள் பனியைப் பார்த்தவளா? பூவும் இலையுமாக, முழுக்க ஓட்டை. இங்கே இறங்கிய முதல் நாளே காற்று அதற்குள் புகுந்து தொண்டையைக் கட்டிவிட்டது. அதனால் அதைக் கழுத்தோடு சுற்றி, மேலே கனத்த கம்பளி ஒன்றையும் சுற்றிக்கொள்கிறேன். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவின் பூக்களுடைய ஓட்டைகள் வழியாகக் கம்பளி உள்ளே நுழைந்து குத்துகிறது. கம்பளியைக் கழற்றினால் குளிர். அக்காவுடையதைக் கழற்ற மனம் வரவில்லை. கையுறையோடு கழுத்தைச் சொறிந்துகொண்டு, இரண்டையும் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு நிற்கிறேன்.