நாயகியைக் கட்டிக்கொண்ட மதினி

பழைய போர்க்காலத்தைப் பற்றிய ஒரு படத்தை எங்கள் வாலிநோக்கம் கடற்கரையில் எடுத்தார்கள். கூட்டமாக நிற்பதற்கு உப்பளத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நானும் என் அண்ணன் மனைவியான மதினியும் போனோம்.

கணவன் போரில் இறந்த செய்தி நாயகிக்கு வரும் காட்சி அது. அந்த நடிகை அலறவில்லை. மணலில் உட்கார்ந்து, அவன் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

மதினிக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

“அழுதுரு தாயி, அடக்கி வைக்காத!”

நடிகை மதினியின் தோளில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதார். கேமரா நிற்கவில்லை.

காட்சி முடிந்ததும் மதினி பயந்துபோய், “கெடுத்துப்புட்டேனா சார்?” என்று இயக்குநரிடம் கேட்டார்.

நடிகை முந்திக்கொண்டார். “நீங்க வரலைன்னா எனக்கு இந்த அழுகையே வந்திருக்காதுக்கா.”

படம் வந்ததும் எங்கள் தெருவே வேன் பிடித்து ராமநாதபுரம் போனது. திரையில் மதினி ஓடி வந்ததும் எங்கள் வரிசை சிரித்துக் கைதட்டியது. முன்னால் இருந்த பெரியவர் திரும்பி முறைத்தார்.

“அது எங்க மதினிய்யா! இந்தா, இங்கனதான் இருக்காக!” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. “எந்திரிச்சு நில்லுத்தா, நல்லாப் பாத்துக்கிறேன்” என்றார்.