ஏழு வந்தால் எழுந்துவிடுவார்

என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அவர் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டால், "கண்ணை மூடிக்கினு யோசிச்சுக்கினு இருந்தேன்" என்பார். மனுஷன் அப்படி என்னதான் யோசிப்பார்? ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை. மணி அடித்தால் லீவரை இழுக்க வேண்டும், வண்டி போனதும் விட வேண்டும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. கன்னடச் சீமையில், காக்ஸ் டவுனில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். இரவு டூட்டி வாரங்களில் அவர் காலையில் வந்து, குளித்து, கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார். சாயந்திரம் மறுபடி கிளம்ப வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தலையணையில் தலை பட்டதுமே குறட்டை விடுகிற ஆள். அந்தக் குறட்டையை நான் செய்யாத கேலி இல்லை. மெயில் வண்டி ஒன்று வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அது நின்றுபோன பிறகுதான் வீடு எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று தெரிந்தது. சமையற்கட்டில் இருந்தபடியே காது கொடுத்துக் கேட்பேன். கட்டில் கிரீச்சிடும் சத்தம் மட்டும் வரும்.

பக்கத்து வீட்டு அம்மாள் கசகசாப் பால் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். உச்சியில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னாள். வைத்தேன், தலையணை உறைகள் நாசமானதுதான் மிச்சம். டாக்டர் ஒரு மிக்ஸ்சர் கொடுத்தார். அதைக் குடித்தால் தூங்கினாரோ இல்லையோ, எழுந்த பிறகும் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவர் போல் தள்ளாடினார். மறுநாளே பாட்டில் முழுவதையும் முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டார். அந்த வருஷம் மரம் காய்க்கவில்லை. அது தூங்குகிறது என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கக்கூட இல்லை.

"ஒரு லீவர் மாறிப்போனா என்னா ஆவும் தெரியுமா உனக்கு? வண்டி நெறைய ஜனங்க" என்று ஒரு நாள் சொன்னார். அதற்கு முந்தைய வாரம்தான் இன்ஸ்பெக்டர் அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, ரயில்வே டாக்டர் முன்னால் போய் நிற்கும்படி எழுதிக் கொடுத்திருந்தார். அடுத்த மாதம் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கேபினிலிருந்து எடுத்து கூட்ஸ் ஷெட்டில் போட்டுவிடுவார்கள். அந்தக் கேபின் அவருக்குக் கோவில் மாதிரி. லீவரின் பிடியைத் தன் கைத்துண்டால்தான் துடைப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். அதை விட்டால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் டிராயிங் மாஸ்டரின் ஞாபகம் வந்தது. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கன்னடக்காரர், பேட்டைப் பக்கம் வீடு. தபாலில் புத்தகங்கள் வரவழைத்து மெஸ்மெரிசம் படித்திருந்தார். மெஸ்மெரிசம் என்று சொன்னால் கோபம் வரும், ஹிப்னாடிசம் என்று திருத்துவார். ஒரு தையல்காரரின் திக்குவாயைச் சரி செய்தார் என்று பேச்சு. பக்கத்து வீட்டு அம்மாள், "அது பேயோட வேலை, உன் வீட்டுக்காரரு பொம்மையாட்டம் ஆயிடுவாரு" என்று பயமுறுத்தினாள். அப்படி ஆனாலாவது சொன்ன பேச்சைக் கேட்பார் என்றேன். ஆனாலும் உள்ளுக்குள் உதறல்தான். மாதா கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடமே கேட்டுவிட்டேன்.

"தூங்க வைக்கறதுல பாவம் எதுவும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நான் அதைத்தானே பண்ணிக்கினு இருக்கேன்" என்றார்.

மாஸ்டர் ஒரு மத்தியானம் ஜட்காவில் வந்து இறங்கினார். கோட்டு, தலையில் பேட்டாத் தலைப்பாகை, தோளில் சரிகைக் கரைபோட்ட அங்கவஸ்திரம். மாய மந்திரம் எதுவும் இல்லை. என் கணவரைக் கட்டிலில் சாய்ந்து படுக்கச் சொன்னார். தன் கட்டைவிரலை அவர் கண்ணுக்கு மேலே பிடித்து, நகத்தையே பார்க்கச் சொன்னார். "உங்க கால் பாரமா ஆகுது. கை பாரமா ஆகுது. கண் ரெப்பை பாரமா ஆகுது" என்று தன் கன்னடத் தமிழில் மெள்ள மெள்ளச் சொன்னார். வாசற்படியில் நின்ற எனக்கே கொட்டாவி வந்தது. என் கணவரின் கண்கள் மூடின. வாய் லேசாகத் திறந்தது.

"நான் பத்து வரைக்கும் எண்ணறேன். பத்து வந்தா நீங்க ஆழமா தூங்கிடுவீங்க" என்றார் மாஸ்டர். "ஒந்து... எரடு... மூரு... நால்கு... ஐது... ஆரு... ஏளு..."

என் கணவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கால் தானாகச் செருப்பைத் தேடியது.

மறுபடி படுக்க வைத்து ஆரம்பித்தார். மறுபடியும் ஆறு வரைக்கும் நல்ல பிள்ளை, ஏழில் எழுந்துவிட்டார். மூன்றாவது தடவையும் அப்படியே. மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நோடம்மா, உங்க யஜமானருக்கு மனசு ரொம்ப பலம். எதிர்த்து நிக்கறாரு" என்றார். என் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எந்தப் பாஷை பேசினாலும் எண்ணும்போது மனிதர்களுக்குத் தாய்ப்பாஷைதான் வரும், மாஸ்டரும் கன்னடத்தில்தான் எண்ணினார். கன்னடத்தில் ஏளு என்றால் ஏழு. ஏளு என்றால் எழுந்திரு என்றும் அர்த்தம். என் கணவரோடு கேபினில் வேலை பார்த்த கன்னடத்து அண்ணன் ஒருவர், டூட்டிக்குப் போகும் வழியில் சைக்கிளை எங்கள் ஜன்னலோரம் நிறுத்தி, "ஏளப்பா, ஏளு, ஹொத்தாயித்து!" என்று கூப்பிட்டுத்தான் இவரை எழுப்புவார். நேரமாகிவிட்டது, எழுந்திரு என்று அர்த்தம். எத்தனையோ வருஷம் அந்தக் குரலுக்கு எழுந்த உடம்பு அது.

"ஏன் மாஸ்டரே, ஏளு ஏளுன்னு நீங்களே எழுப்பிவிட்டா அவரு எப்பிடித் தூங்குவாரு?" என்றேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அங்கவஸ்திரம் நழுவித் தரையில் விழுந்தது. "ஆகட்டும், தமிள்லயே எண்ணறேன்" என்று மறுபடி ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு என்று அழகாகத்தான் வந்தார். ஆறு தாண்டியதும் அவர் வாயில் வந்தது, "ஏளு." பாவம், அவருக்கு ழகரம் வராது. என் கணவர் மறுபடி செருப்பைத் தேடினார்.

கடைசியில் என்னை எண்ணச் சொன்னார் மாஸ்டர். என் அப்பா உபதேசியார், ஜெபத்தில் ழகரம் பிசகினால் முட்டிபோட வைப்பார். அந்தக் கண்டிப்பு அன்றைக்குத்தான் உதவியது. வாழைப்பழத்தை வாளைப்பளம் என்று சொல்லும் என் கணவரை எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறேன். அன்று அவர் தலைமாட்டில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி குரலைத் தாழ்த்தி எண்ணினேன். ஆறைத் தாண்டும்போது என் கண் அவர் செருப்பின் மேலேயே இருந்தது. ஏழு என்றேன். இமை அசையவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. தோள்கள் தளர்ந்து மெத்தையில் பதிந்தன.

மாஸ்டர் குனிந்து, "எதனால தூக்கம் வரல்லே உங்களுக்கு?" என்று கேட்டார்.

என் கணவர் கண் திறக்காமலே பேசினார். "அண்ணன் பென்ஷன் வாங்கிக்கினு ஊருக்குப் பூட்டாரு. இனிமே யாரு எழுப்புவாங்க? நான் தூங்கிட்டா கேபின்ல ஆளு இருக்காது."

எனக்குச் சுரீரென்றது. அந்த அண்ணன் போனதும் தூக்கம் போனதும் ஒரே சமயம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கும் மேலே கோபம் வந்தது. இந்த வீட்டில் நான் ஒருத்தி இல்லையா? அலாரம் கடிகாரம் வாங்கிவைத்து, அதையும் நம்பாமல் அதன் முள்ளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாரே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மாஸ்டர் இருப்பதையும் மறந்து, "ஏன், நான் எழுப்பமாட்டேனா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவ பாவம்" என்றார் அவர், யாரோ மூன்றாவது மனுஷரிடம் சொல்கிற மாதிரி. "காலையில எந்திரிச்சா ஓயாம வேலை. மத்தியானம் ஒருவாட்டி தலை சாய்க்கறா. அதையும் எனக்காவ காவல் காக்கச் சொல்றதா?"

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷர் என் மத்தியானத் தூக்கத்தைக் கவனித்தார் என்றே எனக்குத் தெரியாது. அவர் நெற்றியில் கை வைத்து, "நான் எழுப்பறேன். சரியான நேரத்துக்கு எழுப்பறேன். நீங்க தூங்குங்க" என்றேன். மாஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போனார். அவர் ஜட்கா தெருமுனை திரும்புவதற்குள் குறட்டை ஆரம்பித்துவிட்டது.

நான் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். அவர் ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கையைக் கொடுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. எழுப்ப வேண்டிய நேரம் வந்தது. எனக்குக் கை எழவில்லை. எத்தனை நாளைக்குப் பிறகு வந்த தூக்கம்! பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "தூங்கட்டும் விடும்மா. உடம்பு சரியில்லேன்னு கேபினுக்குச் சொல்லி அனுப்பிடலாம்" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை. அந்த ஆசையோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினேன். அவர் என்னை நம்பித் தூங்கின முதல் தூக்கம் இது, இன்றைக்கு நான் விட்டுவிட்டால் இனி ஒருநாளும் தூங்கமாட்டார் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினேன். அவர் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகம் கழுவி, காப்பி குடித்து, நேரத்தோடு கேபினுக்குப் போனார்.

பரிசோதனையில் தேறினார். ஓய்வு பெறும்வரை கேபினை விட்டு அசையவில்லை. மாஸ்டர் இன்னும் இரண்டு தடவை வந்துபோனார், பிறகு தேவைப்படவில்லை. கட்டிலில் சாய்ந்ததும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "இருக்கியா?" என்று கேட்பார். "இருக்கேன்" என்பேன். நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே குறட்டை கேட்கும்.