மீராசாவின் வெள்ளைக் கட்டங்கள்

சாய்ந்தமருதில் ஒரு குடும்பத்தின் சரித்திரம் தேவைப்பட்டால் எந்தக் கந்தோருக்கும் அலைய வேண்டியதில்லை. கலியாணப் புரோக்கர் மீராசாவின் வாசலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். அதில் குந்தினால் போதும். கோவை, நோட்டுப் புத்தகம், கணினி எதுவும் அவரிடம் கிடையாது. அறுபத்திரண்டு வயதுத் தலை ஒன்றுதான் காப்பகம். எவர் தாய்வழியில் எந்தக் குடி, எவருடைய உம்மாவின் உம்மா எந்த வளவிலிருந்து வந்தவர், எந்த இரண்டு சகோதரர்கள் எந்தப் பெருநாளிலிருந்து கதைப்பதில்லை என்பதெல்லாம் அங்கே தூசி படாமல் இருந்தன.

ஆனால், காப்பகத்தைப் பயன்படுத்துவோர் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு சரித்திரங்கள் இருந்தன. ஒன்று நடந்தது. மற்றது சம்பந்தம் பேச வருவோருக்குச் சொல்வது. இரண்டாவதில் எவரும் வீட்டைவிட்டு ஓடமாட்டார்கள், வெளிநாட்டில் இருப்பார்கள். எவருக்கும் வலிப்பு வந்திருக்காது. சின்ன வயதில் கொஞ்சம் சூடு இருந்து மாறியிருக்கும்.

“பொய்யெண்டு சொல்லாதீங்க,” என்பார் மீராசா. “உடுப்ப அயன் பண்ணித்தானே ஜும்ஆவுக்குப் போறம்? குடும்பத்தயும் அப்பிடித்தான்.”

அவர் அயன் பண்ணியவற்றுள் மிகச் சிறந்தது சொந்த மகள் நஸ்லியாவின் கலியாணம். மாப்பிள்ளை றஸ்மி, கணித ஆசிரியர். ஊர் வழக்கப்படி பெண்ணுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டிலேயே குடியிருந்தார். மாமனாருடைய மதிலுக்கு அடுத்த பக்கம். எட்டு வருடமாக அந்த உடுப்பில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

அவர்களுடைய மகள் றுமானாவுக்கு நான்கு வயது. ஏழாம் மாதத்தில் ஒரு காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. வெயிலில் நின்றால் வந்தது, சுடுதண்ணீரில் குளிக்க வார்த்தால் வந்தது. ஒரு பக்கமாகச் சரிவாள். அதோடு அந்த இரண்டு வீடுகளிலும் எவருக்கும் மூச்சு வராது. குளிசை கொடுத்தார்கள். கூட்டிக் கொடுத்தார்கள். வலிப்பும் கூடிக்கொண்டு போனது. இரண்டு வயதில் “பால்”, “வா”, மீராசாவைப் பார்த்து “மூத்தாப்பா” என்று சொன்ன பிள்ளை, மூன்று வயதில் அந்த மூன்றையும் தொலைத்துவிட்டாள்.

ஊர் தன் பங்குக்கு உழைத்தது. கண்ணூறு என்றது ஒரு வீடு. கிணற்றடி சரியில்லை என்றது இன்னொரு வீடு. சும்மா மதிலால் எட்டிப் பார்த்தவர்கள்கூட ஒரு முடிவோடுதான் எட்டிப் பார்த்தார்கள். முடிவு சொல்லாமல் கேள்வி கேட்டவர் ஒரேயொருவர், டொக்டர் தர்சினி.

அவர் காரைதீவுக்காரி. பிள்ளைகளின் நரம்பு நோய்களைப் பார்ப்பவர். பரம்பரை வழியாக வரும் அரிய வலிப்புகளை ஆராய்கின்ற ஒரு கொழும்புக் குழுவோடு சேர்ந்து வேலை செய்தார். திங்கட்கிழமைக் கிளினிக்கில் றுமானாவின் இரத்தத்தை ஆய்வுக்கு எடுத்த பிறகு, மேசையில் பெரிய தாளொன்றை விரித்தார்.

“குடும்ப மரம் கீறப்போறன் ஐயா. ஆம்பிளைக்குச் சதுரம், பொம்பிளைக்கு வட்டம். வலிப்பு வந்த ஆளெண்டா உள்ளுக்குக் கறுப்படிப்பன். சொல்லுங்க.”

மீராசாவுக்குப் புல்லரித்தது. முப்பது வருடத் தொழிலை விஞ்ஞானம் ஒருவழியாகக் கண்டுகொண்டது. கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, ஐந்து தலைமுறையை ஒரே மூச்சில் ஒப்புவித்தார். ஒரு காதி, இரண்டு தலைமை ஆசிரியர்கள், கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன ஒருவர். தாள் போதாமல் இன்னொரு தாளை ஒட்டவேண்டி வந்தது.

“இவங்கள்ல ஆருக்கும் வலிப்பு?”

“இல்ல மகள்.”

“சின்ன வயசில, காய்ச்சலோட?”

மீராசா ஓரக்கண்ணால் மருமகனைப் பார்த்தார். றஸ்மி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கட குடும்பத்தில தடிமன், தும்மல் வாறதே குறைவு மகள்.”

“நாப்பத்தொரு பேர். ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல,” என்றார் டொக்டர், தாளைப் பார்த்தபடி. “இப்பிடியொரு குடும்பத்த நான் புத்தகத்திலயும் காணல்ல.”

மீராசா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. றுமானாவின் மரபணு ஒன்றில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தை முன்பு எவரும் எங்கேயும் கண்டதில்லை. அதனால், அது குற்றவாளியா, சும்மா வழியில் நின்ற ஆளா என்று கொழும்பால் சொல்ல முடியவில்லை. வீட்டாரின் இரத்தத்தையும் பார்த்தார்கள். றஸ்மியிடம் அந்த எழுத்து இல்லை. நஸ்லியாவிடம் இருந்தது. அவளுக்கு அதைக் கொடுத்தவர் மீராசா.

“உங்களிட்டயும் இருக்கு ஐயா,” என்றார் டொக்டர். “ஆனா உங்களுக்கும் வலிப்பு வரல்ல, மகளுக்கும் வரல்ல, உங்கட வழியில ஒருத்தருக்கும் வரல்ல. அப்ப இந்த எழுத்தில குற்றம் சொல்லேலாது.”

“அது நல்லதுதானே?”

“நல்லதில்ல. இந்த எழுத்துத்தான் குற்றமெண்டா, இப்ப குடுக்கிற குளிசை இந்தப் பிள்ளைக்குக் கூடாது. அதுவே வலிப்பக் கூட்டும். நிப்பாட்டி வேற மருந்து குடுக்கோணும். எனக்குச் சந்தேகம் இருக்கு. ஆனா கொழும்பில பெரிய டொக்டர்மாரிட்ட நான் எதக் காட்டுற? நீங்க தந்த நாப்பத்தொரு வெள்ளைக் கட்டமும் எனக்கெதிராச் சாட்சி சொல்லுது.”

முப்பது வருடத்தில் முதல் தடவையாக மீராசா வாய் திறக்கவில்லை. சொல்ல விடயம் இல்லாமல் அல்ல. பக்கத்தில் மருமகன் இருந்தார். அந்தக் கலியாணப் பேச்சில் தானே சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. நல்ல காப்பகத்தின் கெட்ட குணம் அது.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரம், றுமானா வாசலில் சரிந்தாள். டொக்டர் சொல்லிக்கொடுத்தபடி அவளை ஒருக்களித்துக் கிடத்தி, றஸ்மி போனில் நேரம் பார்த்து எண்ணத் தொடங்கினார். “ஒரு நிமிஷம்... ரெண்டு...” வகுப்பில் இடாப்புக் கூப்பிடும் அதே குரல், மூன்றில் அது உடைந்தது. ஐந்தில் நஸ்லியா கன்னத்துக்குள் விடும் மருந்தை விட்டாள். ஒன்பதில்தான் பிள்ளையின் உடம்பு தளர்ந்தது. அந்த ஒன்பது நிமிடமும் மீராசா, அவளுடைய காலிலிருந்து கழன்ற சின்னச் செருப்பொன்றைக் கையில் பிடித்தபடி, புதுச் சாரனோடு வெயிலில் நின்றார்.

திங்கட்கிழமை டொக்டர் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தபோது, எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். மீராசா எழுந்தார்.

“மகள், அந்தத் தாளக் கொண்டு வாங்க. கறுப்புப் பேனை என்னட்ட இரிக்கி.”

தாள் வந்தது. முதல் வட்டத்தை நிரப்பினார். “என்ட உம்மா. அடுப்படியில வலிப்பு வந்து விழுந்துதான் கை சுட்ட. தடக்கி விழுந்தா எண்டு ஊருக்குச் சொன்னம்.” அடுத்த வட்டம், அக்காவுடையது. “ஒலுவில்ல இரிக்கிற ராத்தா. பத்து வயசு வரைக்கும் வந்த.” பிறகு பேனை ஒரு சதுரத்துக்கு மேலே போய் நின்றது. அது அவருடைய சதுரம்.

“கறுப்படிங்களன்,” என்றார் அவருடைய மனைவி ஆயிஷா உம்மா, கட்டிலின் மறுபக்கமிருந்து. “ஏழு வயசு வரைக்கும் காய்ச்சலுக்கெல்லாம் வந்ததுதானே.”

“உனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?”

“கலியாணத்துக்கு முதலே தெரியும். உங்களுக்குப் பேசி வந்த புரோக்கர் எங்கட வாப்பாட கூட்டாளி.”

“முப்பத்திநாலு வருசமா ஏன் கேக்கல்ல?”

“கேட்டா அயன் பண்ணித்தானே சொல்லுவீங்க.” மூச்சு விடாமல் தொடர்ந்தார்: “நஸ்லியாக்கும் ரெண்டு வயசில மூணு தரம் வந்த. அதயும் அடிங்க.”

நஸ்லியா தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே அது புதுச் செய்தி. றஸ்மி தாளில் புதிதாக விழுந்த நான்கு கறுப்பையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“மாமா, எனக்கு இதில ஒண்டுகூடச் சொல்லல்லயே.”

“சொல்லல்ல மகன். பிழைதான். என்ன செய்தாலும் செய்யுங்க.”

றஸ்மி தூங்குகின்ற பிள்ளையைப் பார்த்தார். பிறகு, கணக்கில் ஒரு வரியைத் தவறவிட்ட மாணவனைப்போல மெதுவாகச் சொன்னார்:

“எங்கட சாச்சா டுபாயில இரிக்கார் எண்டு நாங்களும் சொன்னம்தான்...”

“அவர் எங்க இரிக்கார் எண்டு அப்பவே தெரியும் மகன். நான் புரோக்கர்.”

டொக்டர் தர்சினி அவசரமாகத் தாளை முகத்துக்கு நேரே தூக்கினார். தாளுக்குப் பின்னால் அவர் சிரித்தாரா, அழுதாரா என்பது மருத்துவப் பதிவுகளில் இல்லை.

ஒலுவில் ராத்தாவுக்குப் போன் போனது. “எனக்கு வலிப்பெண்டு ஆரடா சொன்ன? ஊரெல்லாம் இல்லயெண்டு சொல்லித் திரிஞ்ச ஆள் நீதானே!” என்று ஏசினார். ஏசிக்கொண்டே மறுநாள் வந்து கையை நீட்டினார். அவரிடமும் அந்த எழுத்து இருந்தது. மீராசாவின் வலிப்பே வராத தம்பியிடம் இருக்கவில்லை. கறுப்புக் கட்டங்களும் எழுத்தும் இப்படி ஒன்றாக நடந்து போவதைக் கண்ட கொழும்புக் குழு தீர்ப்பை மாற்றியது. ஒரே எழுத்து சிலருக்குச் சிறுவயதுக் காய்ச்சலோடு விட்டுவிடும், சிலரைப் பிடித்துக்கொள்ளும் என்று டொக்டர் விளக்கினார். பழைய குளிசையைப் படிப்படியாகக் குறைத்து, புது மருந்து தொடங்கினார்கள்.

றுமானாவுக்கு முழுச் சுகம் என்று எழுதினால் அதுவும் அயன் பண்ணிய கதையாகிவிடும். காய்ச்சல் வந்தால் இன்னும் பயம்தான். ஆனால், வாரத்துக்கு நான்கு தடவை வந்தது, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று. தொலைத்த சொற்களில் “பால்” திரும்பி வந்தது, “வா” வந்தது. “மூத்தாப்பா” இன்னும் வரவில்லை. மீராசா அவசரப்படுத்தவில்லை, தன் முறை வரும் என்று காத்திருக்கிறார்.

ஊரில் இன்னும் எந்தெந்த வீட்டில் வலிப்பு இருக்கிறதென்று சொல்லித்தர அவர் தயாராகவே இருந்தார். டொக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “அவங்கட கதைய அவங்கதான் சொல்லோணும் ஐயா.” ஆகவே மீராசா அந்த வீடுகளுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, தன்னுடைய கறுப்புச் சதுரத்தைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டு வருகிறார். மறுவாரக் கிளினிக்கில் புதிதாக ஒரு குடும்பம் நிற்கும். இதுவரை ஆறு.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறப்படும் நேரம், வாசலில் நின்ற றுமானா மறுபடி ஒரு பக்கமாகச் சரிந்தாள். நஸ்லியாவின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. றஸ்மி போனை எடுத்து எண்ணத் தொடங்கிவிட்டார். ஆயிஷா உம்மா ஓடி வந்தார். மீராசா பக்கத்தில் முழங்காலில் குந்தினார். றஸ்மி நாற்பதாவது செக்கனில் நின்றபோது, நீலக் கதிரைக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. கையில் ஒற்றைச் செருப்பு.

“வா,” என்றாள் றுமானா, செருப்பை மீராசாவிடம் நீட்டி.

மாட்டிவிட்டு எழும்ப அவருக்கு நேரமெடுத்தது. சாரனில் மண், முழங்காலில் சுருக்கம். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது குத்பா பிரசங்கம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. தொழுகை முடிந்து வெளியே வந்ததும், அப்துல் ஸமட் ஹாஜியார் பிடித்துக்கொண்டார்.

“என்ன மீராசா, இந்தக் கோலம், இவ்வளவு பிந்தி? பெரிய இடத்துச் சம்பந்தமா?”

பழைய மீராசாவாக இருந்தால் அதற்குப் பொருத்தமான, மடிப்புக் குலையாத ஒரு காரணம் அந்த இடத்திலேயே தயாராகியிருக்கும்.

“இல்ல ஹாஜியார்,” என்றார். “பேத்தி செருப்புத் தேடின.”