நகரத்துக்குள் என்ன இருக்கிறது

போன கிழமை ஒரு பின்னேரம், பாரிஸுக்கு வெளியே கார்ஜில் எங்கள் ஆறாம் மாடி வீட்டுக் குசினியில் உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த மகள் போனைப் பார்த்து வாய்விட்டு வாசித்தாள். ஒரு வருடம் அமெரிக்காவில் படிக்க அவளுக்கு வாய்ப்பு வந்திருக்கிறது. எந்த நகரம் என்பதை அவளே சொல்ல வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் மலையும் கடலும் நகர எல்லைக்குள்ளேயே இருக்கின்றனவாம். நியூயோர்க்கில் மெத்ரோ ஏறியே கடற்கரையில் போய் இறங்கலாமாம். எல்லாம் பிரெஞ்சில்தான். நான் தமிழில் கேட்டேன்: "உள்ளுக்கை ஆசுப்பத்திரி எத்தினை இருக்காம்?"

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதே கேள்விக்கு நானும் ஒரு காலத்தில் சிரித்தவன். அது என்னுடைய கேள்வியே அல்ல, யோகன் அண்ணையுடையது. உள்ளி மணம் நகக்கண்ணில் ஏறினால் அந்த மனிதர் வந்துவிடுவார்.

2011 என்று நினைக்கிறேன். பாரிஸில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை. வந்து எட்டு வருடமாகியும் கோப்பையில் இருந்து சட்டிக்குக்கூட உயராதவன் நான். யோகன் அண்ணை மரக்கறி வெட்டுவார். வன்னியில் போர் எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தவர். மனைவி வசந்தி திருச்சியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார். அண்ணையின் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் கிடந்தது. மேல்முறையீடும் போனால் அமெரிக்காதான் என்று ஆட்களை அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனிடம் பேசி வைத்திருந்தார்.

மத்தியானக் கூட்டம் போய் இரவுக் கூட்டம் வரும்வரை மூன்று மணித்தியாலம் சும்மா இருப்போம். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் போதாது. கதிரைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பின்கதவடியில் இருந்து அமெரிக்காவைப் பங்கு போடுவோம். எங்களில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. கண்டவர் லூர்து ஐயா மட்டும்தான். பாண்டிச்சேரிக்காரர், இங்கே தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சிக்காகோவில். மூன்று தரம் போய் வந்த கதையை முப்பது தரம் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தரமும் அந்த ஊர் ஏரி கொஞ்சம் பெரிதாகும்.

"சிக்காகோல ஊருக்குள்ளயே பிளாஜ், அதான் பீச், இருக்குதுப்பா. ஏர்போர்ட்டும் ஊர் எல்லைக்குள்ளதான். நம்ம பாரிஸ்ல ரெண்டும் உண்டா?"

பாரிஸுக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் வேலைதான் பாரிஸுக்குள், படுக்கை வெளியே.

ஒருநாள் நான் தக்காளிப் பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து, பேனையால் கட்டம் போட்டேன். நியூயோர்க், சிக்காகோ, லொஸ் ஏஞ்சல்ஸ், ஹூஸ்ரன். மேலே கடல், மலை, கோயில், விமான நிலையம். நகர எல்லைக்குள் இருந்தால் மட்டும் ஒரு புள்ளி. நியூயோர்க் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளி உரித்துக்கொண்டிருந்த யோகன் அண்ணை தலை நிமிராமல் கேட்டார்: "உள்ளுக்கை ஆசுப்பத்திரி எத்தினை? குடிக்கிற தண்ணி எங்கையிருந்து வருது? அதுகளையும் போடு."

"அமெரிக்காவிலை ஆசுப்பத்திரி இல்லாமலோ அண்ணை? ஆரும் வந்து சிக்காகோவைச் சுத்தி வளைக்கப் போறாங்களோ?" என்று நான் சிரித்தேன். பகிடி நல்லாய் வந்துவிட்டது என்ற சந்தோஷம் வேறு.

அவர் கத்தியை வைத்தார்.

"கடைசியிலை நாங்கள் நிண்டதும் ஒரு எல்லைக்குள்ளைதான். அதுக்கை ஒரு ஆசுப்பத்திரி, பள்ளிக்கூடக் கட்டிடத்திலை. டொக்டர் இருந்தார். மருந்து எல்லைக்கு வெளியிலை. பிள்ளைக்கு அஞ்சு வயசு."

அவ்வளவுதான். பிறகு உள்ளியை எடுத்துக்கொண்டார்.

அது நடந்த வருடம் என் மகளுக்கும் ஐந்து வயது. அந்தக் கடைசி மாதங்களில் நான் இங்கே ஊர்வலத்தில் தொண்டை கட்டக் கத்திவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டவன். லூர்து ஐயாதான் என் கையில் இருந்த பேனையை வாங்கி, மட்டையில் இன்னும் இரண்டு கோடு போட்டார்.

"நான் எம் பையன்கிட்ட கேட்டுச் சொல்றேன் யோகன்."

கேட்டார். அடுத்த கிழமை பேரன் கையெழுத்தில் ஒரு தாளோடு வந்தார். சிக்காகோவில் ஆசுப்பத்திரிகளை விரல் மடித்து எண்ண முடியாதாம். தண்ணீர் அந்த ஏரியில் இருந்துதானாம். யோகன் அண்ணை தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப சிக்காகோ" என்றார்.

மேல்முறையீடும் போயிற்று. குளிர் தொடங்குமுன் அவர் புறப்பட்டார். லா சப்பல் மெத்ரோப் படியடியில், ஒரு தோள்பையுடன், "போய்ச் சேர்ந்த உடனை எடுக்கிறன்" என்றார். பதினான்கு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. லூர்து ஐயா ஒவ்வொரு பின்னேரமும் வந்து, கேட்காமலே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பி குடிப்பார்.

பிறகு ஒருநாள் தெரியாத இலக்கத்தில் இருந்து அண்ணையின் அழைப்பு. அமெரிக்க எல்லையில் பிடித்து, ரெக்சாஸில் பல மாதம் அடைத்து வைத்து, விட்டிருக்கிறார்கள். அங்கேயே ஒரு சின்ன ஊரில், பெற்றோல் அடிக்கும் இடத்துக் கடையில் வேலை.

"சிக்காகோ போகேல்லையோ அண்ணை?"

"இல்லையடா. இஞ்சை ஒரு கடை, ஒரு சேர்ச், அவ்வளவுதான். ஆசுப்பத்திரிக்கு முக்கால் மணித்தியாலம் ஓட வேணும்."

"பயமில்லையோ?"

"இல்லை" என்றார். பிறகு சொன்னார்: "சுத்திவர றோட்டுத்தான். நாலு பக்கமும் போகுது. ஒரு பக்கமும் மறிக்க ஆள் இல்லை. வேலை முடிய வெளியிலை வந்து நிண்டு பாப்பன். இதுவே காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

நாலு வருடத்துக்குப் பிறகு வசந்தியும் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட நல்ல செய்தி.

லூர்து ஐயா இப்போது இல்லை. கடை கைமாறி, பிறகு கதவுமாறி, இப்போது அங்கே போன் திருத்துகிறார்கள். பின்கதவைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த மூன்று மணித்தியாலமும் ரூ காயில் இல்லை. கடைகள் இடைவிடாமல் திறந்திருக்கின்றன. குசினிக்காரர்கள் ஓய்வு கிடைத்தால் ஆளுக்கொரு போனுடன் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கிறார்கள். யோகன் அண்ணையின் இலக்கத்தை வருடத்தில் ஒருதரமாவது அழுத்திப் பார்ப்பேன். அது பாவனையில் இல்லை என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்கிறாள். அழைப்பை நான் இடையில் வெட்டுவதில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.