பல்லக்காவின் வியாழக்கிழமைகள்

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரைப் 'பல்லக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குப் பல் எடுப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐம்பத்து மூன்று வயதிலும் முப்பத்திரண்டும் முத்து முத்தாக இருந்தன. ஊராருக்குப் பல்செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகால் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். கடைசியில் பாலிஷ் போட்டு, பெட்டியில் வைத்து டாக்டருக்கே திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருடமாக ஒரே லேப், ஜன்னலோரம் ஒரே மேசை. பல்லை ராவுகிற மோட்டார் போடும் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் பேச வேண்டுமென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். அதனால் யாரும் பேசுவதில்லை. ஊரில் பாதிப் பேரின் வாய் அவருக்குத் தெரியும். முகம்தான் ஒன்றுகூடத் தெரியாது.

கணவர் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. மகள் வேலைக்காகத் தொலைவில் இருந்தாள். வாரம் ஒரு தடவை போன் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய சபைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இரண்டாயிரம் பேர் உட்காரும் மண்டபம். பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் போதகர் திரையில்தான் தெரிவார். முழங்கால் ஆபரேஷனுக்காகப் பல்லக்கா எட்டு மாதம் அங்கே போகவில்லை. கால் சரியாகி, தடியை ஊன்றிக்கொண்டு போன அன்று, வாசலில் நின்ற இளைஞன் சிரித்த முகமாக ஒரு படிவத்தை நீட்டினான்.

"முதல் தடவையா வர்றீங்களாம்மா?"

பத்தொன்பது வருடமாக வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. படிவத்தை வாங்கி, பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு அப்படியே திரும்பி நடந்தார். அந்த நம்பருக்கும் யாரும் போன் செய்யவில்லை.

இது நடந்து ஒரு வருடம் கழித்துக் கட்டடத்தில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில், வியாழன் மாலை ஆறு மணிக்கு 2-ம் மாடியில் தண்ணீர்க் கூட்டம் என்று வாட்ச்மேன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். அவருடைய 2 பார்ப்பதற்கு 3 மாதிரி இருக்கும். பல்லக்கா குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரே மூன்றாம் மாடிக்குப் போனார். கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்புகள். உள்ளே நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க, வாங்க" என்று ஒரு நாற்காலி வந்தது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்த உச்சி வெயில்ல அந்தப் பொம்பளை ஏன் தனியா தண்ணிக்கு வந்தா?"

"தனியா வராம வேற என்ன பண்ணுவா?" என்று பிடித்துக்கொண்டார் பல்லக்கா. "நானும்தான் மூணு நாளா இந்தக் காலை வெச்சுக்கிட்டு குடத்தோட கீழ போயிட்டு வர்றேன். வந்தவ ஏன் வந்தாங்கறது இருக்கட்டும். மோட்டாரை யாரு ரிப்பேர் பண்றது? அதைச் சொல்லுங்க."

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அக்கா, தண்ணிக் கூட்டம் கீழ ரெண்டாம் மாடியில. நாங்க பைபிள் படிச்சுட்டிருக்கோம்." அப்போதுதான் ஒவ்வொருவர் மடியிலும் இருந்த புத்தகத்தைப் பல்லக்கா பார்த்தார். கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்ட பெண்ணின் கதை. முகம் சிவக்க எழுந்தார்.

"டீ போட்டாச்சு. குடிச்சுட்டுப் போங்க. இருந்த கடைசித் தண்ணியில போட்டது, வீணாக்கக் கூடாது" என்றார் டிரைவரின் மனைவி. வீட்டிலேயே தையல் போடுகிறவர். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது.

மூலையில் இருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ரிட்டயரான வாத்தியார். வாயைக் கையால் லேசாக மறைத்தபடியே பேசினார். "அவங்க சரியாத்தான் சொன்னாங்க. குடம் தூக்கினவங்களுக்குத்தான் அவளோட தோள்வலி தெரியும். உட்காருங்கம்மா. மேல சொல்லுங்க."

மேலே சொல்லுங்கள் என்று அவரிடம் யாராவது கேட்டு எத்தனை நாளாயிற்று! பல்லக்கா உட்கார்ந்தார். எட்டு மணிக்குத்தான் எழுந்தார்.

அடுத்த வியாழனும் போனார், அதற்கடுத்ததும் போனார். நாலாவது ஆள் ஒரு நர்ஸ். சில நாள் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்து ஜெபத்தின் நடுவில் தூங்கிவிடுவாள். யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆளுக்குப் பத்து வசனம் என்று முறைவைத்துப் படிப்பார்கள். வாத்தியார் முறை வரும்போது மட்டும், "கண்ணு சரியில்ல, நீங்க படிங்க" என்று தள்ளிவிடுவார்.

காரணம் கண் இல்லை என்பது பல்லக்காவுக்கு முதல் நாளே தெரியும். பேசும்போது கீழ்செட் மேலே எழும்பியது. மேல்செட்டை அவர் நாக்கால் தாங்கிக்கொண்டிருந்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேருகிற கடி மட்டத்தை யாரோ தப்பாக எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பல்லக்கா பேசாமல் இருந்தார்.

ஒரு வியாழன், நர்ஸ் விடாமல் கெஞ்சியதில் வாத்தியார் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வசனத்தில் ஒரு 'ச' வந்தது. கீழ்செட் துள்ளி உதட்டுக்கு வந்துவிட்டது. கையால் பிடித்துக்கொண்டார். மற்ற எல்லோரும் சட்டென்று புத்தகத்தில் தலையைப் புதைத்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பல்லக்கா வாயைத் திறந்தார்.

"சார், இது யாரு செஞ்ச செட்டு? கடி மட்டமே தப்பு. கொஞ்சம் வாயைத் திறங்க, பாக்கிறேன்."

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "வீட்டுல வேலை இருக்கு" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வியாழன் பல்லக்காவும் போகவில்லை. சேர்ந்து இருந்தது போதும் என்று முடிவு செய்தார். சத்தமில்லாமல் விலகிக்கொள்வது அவருக்குப் பழக்கமான வேலைதானே. ஆறரை மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் நர்ஸ்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"நான் வாயை விட்டதாலதானே சார் வராமப் போயிட்டாரு."

"அதுக்கு நீங்களும் வராம இருந்தா சரியாயிடுமா? அங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உட்கார்ந்திருக்கோம். டிரைவர் அண்ணன் நாலு தடவை ஜெபம் பண்ணிட்டாரு. நாலும் நீளம்."

"என்னைத் திட்ட வந்தியா?"

"ஆமா. திட்டி, கையோட கூட்டிட்டுப் போக வந்தேன்."

பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தான் வராததற்காக ஒருத்தி மாடி ஏறி வந்து திட்டுகிறாள்! முகத்தைக் கழுவிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

சனிக்கிழமை மத்தியானம், இரண்டு தெரு தள்ளியிருந்த வாத்தியார் வீட்டுக்குத் தனியாகப் போனார். கதவைத் திறந்தவர் வாயில் பல்செட் இல்லை. கை தானாக வாய்க்குப் போனது. பல்லக்கா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "சார், தப்பு என்மேலதான். அத்தனை பேர் முன்னால கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

வாத்தியார் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கோபம் உங்கமேல இல்லம்மா. நீங்க சொன்னது சரின்னு தெரிஞ்சதால வந்த கோபம். முப்பத்தோரு வருஷம் க்ளாஸ்ல சத்தமாப் படிச்ச வாய் இது. இந்த செட்டைப் போட்டதுலேர்ந்து கனவுலகூட வாயைத் திறக்கறதில்ல."

"எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. அளவு அவங்க எடுக்கட்டும். பல்லு நான் செய்யறேன்."

"மூணு தடவை சரி பண்ணிப் பாத்தாச்சு."

"என்கிட்ட பண்ணலையே சார்."

டாக்டரம்மாவிடம் கேட்டு, மெழுகில் நிறுத்திய பல்லைப் போட்டுப் பார்க்கும் நாளில் பல்லக்காவும் கிளினிக்குக்குப் போனார். தான் செய்த பல் ஒருவர் வாய்க்குள் போவதை அவர் பார்த்தது இருபத்தாறு வருடத்தில் அன்றுதான்.

"'சகோதர சிநேகம்' சொல்லுங்க சார்."

விசில் அடித்தது. முன்பல்லை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினார். மறுபடியும் சொல்லச் சொன்னார். ஐந்தாவது தடவை வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. வாத்தியார் கண்ணாடியில் பார்த்து ஆறாவது தடவை தானாகவே சொன்னார்.

புதுப் பல்லோடு வந்த வியாழன், "இன்னிக்கு நான் படிக்கறேன். மத்தேயு முதல் அதிகாரம்" என்று அறிவித்தார்.

டிரைவர் முனகினார். "சார், அதுல வெறும் பேருதானே இருக்கு! யாரு யாரைப் பெத்தாங்கன்னு..."

"அதான் வேணும்."

எழுந்து நின்று, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் அத்தனை தலைமுறையையும் படித்தார். சல்மோன், செருபாபேல், சாதோக்கு என்று வந்த ஒவ்வொரு 'ச'வையும் நிறுத்தி, ருசித்துப் படித்தார். முடித்ததும் நர்ஸ் அப்பாவியாகக் கேட்டாள்: "கண்ணு எப்ப சார் சரியாச்சு?" வாத்தியாரே முதலில் சிரித்தார். வாயைப் பொத்தவில்லை.

"இத்தனை பேரையும் ஏன்தான் எழுதி வெச்சாங்களோ" என்றார் டிரைவர்.

"நடுவுல ஒருத்தர் விட்டுப்போனாலும் அடுத்தவர் பிறக்க முடியாதே அண்ணே" என்றார் பல்லக்கா. தையல்கார அண்ணி அதைத் தன் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வாத்தியாரும் பல்லக்காவும் மாதம் ஒரு தடவையாவது ஏதாவது வசனத்துக்காக முட்டிக்கொள்கிறார்கள். யோனாவை விழுங்கிய மீனைப் பற்றிய விவாதம் மூன்று வாரம் நடந்தது. சென்ற மாதம் மகள் லீவில் வந்திருந்தாள். யாரிடமும் அதிகம் பேசாத அம்மா, ஒரு பெரியவரோடு சரிக்குச் சரி வாதாடுவதைக் கண் விரியப் பார்த்தாள். கூட்டம் முடிந்து மாடிப்படி ஏறும்போது, "ஏம்மா, இவங்களோட இப்படிச் சண்டை போடறியே, கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"கோவிச்சுக்குவாங்க" என்றார் பல்லக்கா. "அடுத்த வியாழக்கிழமை என் வீட்டுலதான் கூட்டம். பிஸ்கட் வாங்கணும், ஞாபகப்படுத்து."